மூன்று ஷில்லிங்கில் அசல் எது?

கேள்வி: பாஸ்டனுக்கு மேற்கே வூஸ்டர் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மாள் காலமான பிறகு வீட்டுச் சாமான்களை விற்றார்கள். ஒரு பழைய தையல் பெட்டியை 60 டாலருக்கு வாங்கி வந்தேன். அடியில் மூன்று வெள்ளிக்காசுகள், பழுப்பேறிய சின்னக் காகித உறைகளில் இருந்தன. ஒன்றில் 'என்.இ.' என்ற எழுத்துகள் மட்டும், பின்பக்கம் ரோமன் எண்ணில் 12. எடை 6.2 கிராம். இரண்டாவதில் பைன் மரம், 1652 என்ற வருடம், 30 மில்லிமீட்டர் அகலம், 4.6 கிராம், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பு. மூன்றாவதிலும் அதே மரம், அதே 1652, ஆனால் 24 மில்லிமீட்டர்தான். கறுத்து, வளைந்து, ஓட்டை போட்டிருக்கிறது, 3.91 கிராம். என்.இ. காசு பல லட்சம் டாலருக்குப் போனதாகச் செய்தியில் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. ஊரில் காசு வியாபாரி ஒருவர் மூன்றுக்கும் சேர்த்து 300 டாலர் தருகிறேன் என்கிறார், வளைந்தது 'சும்மா கணக்குக்கு' என்கிறார். பைன் மரக் காசைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று வந்தது. கறுத்ததையும் தேய்த்துவிடட்டுமா? இவை அசலா, என்ன பெறும், விற்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் சகோதரி. முதலில் அந்தத் திருநீற்றுச் சம்படத்தை மூடி வைத்துவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல் 'அசல்' என்று நான் எழுதித் தர மாட்டேன், இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் தரக்கூடாது. ஆனால் நீங்கள் அனுப்பிய எடையும் அளவும் படங்களும் நிறையவே சொல்கின்றன. தூக்கத்தைக் கெடுத்த என்.இ. காசு போலி. திருநீற்றில் பளபளத்த பெரிய பைன் மரமும் அநேகமாக நினைவுப்பொருள் கடைச் சரக்கு. வியாபாரி கணக்குக்குக் கூட வைத்துக்கொள்ளாத அந்தக் கறுத்த, வளைந்த, ஓட்டைக் காசு மட்டும்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

என்.இ. என்பது நியூ இங்கிலாந்து. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டமன்றம் 1652 மே மாதம் பாஸ்டனில் ஒரு நாணயச் சாலைக்கு அனுமதி கொடுத்தது. ஜான் ஹல் என்ற வெள்ளிக் கொல்லரும் அவர் கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனும் பொறுப்பேற்றார்கள். வெள்ளித் தகட்டிலிருந்து வெட்டிய வில்லையில் ஒரு ஓரத்தில் என்.இ. முத்திரை, திருப்பிப் போட்டு எதிர் ஓரத்தில் மதிப்பைக் காட்டும் ரோமன் எண் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ், அதனால் 12), அவ்வளவுதான் வேலை. இரண்டு முத்திரையும் ஒன்றுக்கு முதுகில் ஒன்று வராமல் எதிரெதிர் ஓரத்தில் குத்தினார்கள், இல்லாவிட்டால் ஒரு அடி இன்னொன்றை நசுக்கிவிடும். உங்கள் காசின் முன்படத்தையும் பின்படத்தையும் பொருத்திப் பாருங்கள். என்.இ. இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் எண் உட்கார்ந்திருக்கிறது, இரண்டுமே கொஞ்சமும் நசுங்காமல் இருக்கிறது. குத்திய காசில் அது நடக்காது, அச்சில் உருக்கி ஊற்றினால் நடக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது பாருங்கள், அது இரண்டு வார்ப்புப் பாதிகள் சேரும் இடம், மேலே அரம் போட்ட தடமும் இருக்கிறது. போதாததற்கு எடை. மாசசூசெட்ஸ் ஷில்லிங்குக்குச் சட்டம் சொன்ன எடை 72 கிரெயின், அதாவது 4.67 கிராம். அந்தக் காலத்து இங்கிலாந்து ஷில்லிங்கே 6 கிராம்தான். உங்களுடையது அதையும் தாண்டி 6.2! வெள்ளி கைவிட்டுப் போகக் கூடாது என்றே காசை லேசாக அடித்த ஊரில், இப்படி வாரிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் படித்த செய்தி உண்மைதான். 2021 நவம்பரில் லண்டன் ஏலத்தில் என்.இ. ஷில்லிங் ஒன்று, மிட்டாய் டப்பாவில் கிடந்தது, இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 2024 நவம்பரில் என்.இ. மூன்று பென்ஸ் காசு ஒன்று 25 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. அது நெதர்லாந்தில் ஒரு பழைய அலமாரியில் கிடைத்தது, எடை 1.1 கிராம், நம்ம ஊர் மூக்குத்தி எடைதான் இருக்கும். அந்த வகையில் இன்னொன்று மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒன்று திருடு போய்விட்டது. (அந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர், பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது, பின்னாளில் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக வந்தவர். சும்மா சொல்லி வைத்தேன்.) இந்த மாதிரிச் செய்தி வந்த அடுத்த வாரமே எனக்கு வரும் கடிதங்களில் என்.இ. காசு கொட்டும், ஒன்றும் தேறாது.

சரி, பெரிய பைன் மரத்துக்கு வருவோம். அசலில் இந்த அகலத்துக்குக் காசு உண்டு, எடையும் கிட்டத்தட்ட சரி. அதனால்தான் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள், நியாயம். ஆனால் தடிப்பு காட்டிக்கொடுக்கிறது. 30 மில்லிமீட்டர் அகலத்தில் 4.6 கிராம் வெள்ளி இருந்தால் தடிப்பு 0.6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அதற்குமேல் போக வழியில்லை. உங்களுடையது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி என்றால் உலோகம் வெள்ளியைவிட லேசானது. வெள்ளீயக் கலவை, பியூட்டர் என்பார்களே, அதுவாக இருக்கும். அருங்காட்சியகக் கடைகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் இந்த பைன் மர ஷில்லிங்கின் நகலைப் பல பத்தாண்டுகளாக விற்கிறார்கள். 1973-இல் வந்த சட்டப்படி நகலில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்தவற்றில் அந்தச் சொல் இருக்காது, பின்னால் செய்தவற்றிலும் சில புண்ணியவான்கள் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உங்கள் படத்தில் மரத்தின் அடியில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துகளின் ஓரமும் சோப்புக்கட்டி கரைந்தாற்போல் மழுங்கியிருக்கிறது. தேய்ந்த காசில் மேடுதான் முதலில் தேயும், பள்ளத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள மூலை கூர்மையாகவே நிற்கும். வார்ப்பில் அந்த மூலையே உருண்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி இந்த ஒன்றை மட்டும் பார்க்கப் பழகினாலே பாதிப் போலிகளை நீங்களே கழித்துவிடலாம்.

இனி அந்தக் கறுப்பி.

வெறும் என்.இ. முத்திரையில் ஒரு பெரிய குறை இருந்தது. சுற்றிலும் வெறும் இடமாக இருந்ததால் ஓரத்தை வெட்டி வெள்ளியைச் சேர்த்துக்கொண்டு காசை முழு மதிப்புக்குத் தள்ளிவிடலாம், யாருக்கும் தெரியாது. சில மாதங்களிலேயே, 1652 அக்டோபரில், சட்டமன்றம் வடிவத்தை மாற்றியது. நடுவில் மரம், சுற்றிலும் புள்ளி வளையம், வளையத்தை ஒட்டி எழுத்து. முதலில் வந்த மரத்தை வில்லோ என்கிறோம், பிறகு ஓக், கடைசியில் 1667 வாக்கிலிருந்து பைன். (நியூ ஜெர்சி ஓக் ட்ரீ ரோடு நகைக்கடைகளுக்கும் இந்த ஓக்குக்கும் சம்பந்தமில்லை, அங்கே கொண்டுபோய்க் காட்டவும் வேண்டாம். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் அந்தக் கீறல் சாகும்வரை காசில் இருக்கும்.) பைன் மரத்திலும் இரண்டு காலம் உண்டு. முதலில் பெரிய மெல்லிய வில்லை, 1675 வாக்கிலிருந்து சிறிய தடித்த வில்லை. எடை இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய வில்லைக் காசுகள் பெரும்பாலும் லேசாக அலை அடித்தாற்போல் இருக்கும், வளைந்த அச்சுகளுக்கு நடுவே உருட்டி அழுத்தியதன் தடம் அது. சிறியவை திருகு அழுத்தியில் அடித்தவை, தட்டையாக இருக்கும். உங்கள் 24 மில்லிமீட்டர் இந்தக் கடைசிக் காலத்தோடு ஒத்துப்போகிறது.

வருடம் 1652 என்று இருக்கிறதே என்பீர்கள். எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். நாணயச் சாலை 1682 வரை ஓடியது, முப்பது வருடமும் அதே வருடத்தையே போட்டார்கள். 1662 என்று தேதியிட்ட ஓக் மர இரண்டு பென்ஸ் ஒன்றுதான் விலக்கு. முதலாம் சார்லஸ் மன்னரை 1649-இல் தலை வெட்டிய பிறகு இங்கிலாந்தில் மன்னரே இல்லாத காலம் அது. காசு அடிக்கும் உரிமை மன்னருடையது. 1660-இல் அடுத்த சார்லஸ் திரும்பி வந்த பிறகும், 'நாங்கள் மன்னர் இல்லாத நாளில் ஆரம்பித்ததைத்தானே செய்கிறோம்' என்று சாக்குச் சொல்ல வசதியாகப் பழைய வருடத்தை விட்டுவைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அனுமதி கிடைத்த வருடத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, முதலாவது கேட்க நன்றாக இருக்கிறது. எப்படியானாலும் மதிப்பீட்டுக்கு அந்த வருடம் ஒரு பைசா உதவாது. காசின் வயதை மரமும் வில்லையும் அச்சும்தான் சொல்லும்.

எடைக்கு வாருங்கள். 4.67 இருக்க வேண்டிய இடத்தில் 3.91. முக்கால் கிராம் எங்கே போயிற்று? ஓட்டையால் என்று நினைப்பீர்கள். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைக்கு 0.04 கிராம்கூடப் போகாது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீதி, ஓரத்தில் போயிருக்கிறது. படத்தில் வலது பக்கம் பாருங்கள், எழுத்துகளின் தலை துண்டித்து நிற்கிறது, வெளிவளையம் கால்வாசிக்குக் காணோம், அந்த இடத்தில் விளிம்பு நேர்க்கோடாக ஓடுகிறது. யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். வளையம் போட்டும் வெட்டாமல் விடவில்லை! வெட்டிய இடமும் மற்ற இடத்தைப் போலவே கறுத்து, மழுங்கி இருக்கிறது, அதாவது வெட்டும் பழசு. போலி செய்பவன் பெரும்பாலும் அழகான முழுக் காசைத்தான் நகலெடுப்பான். இப்படி அடிபட்டு, கத்தரிபட்டு வந்தது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது, எனக்கு அதுதான் தெம்பு.

வளைவும் ஓட்டையும்கூட அப்படித்தான். இந்த மாதிரி வளைத்த மாசசூசெட்ஸ் காசுகளுக்கு வியாபாரத்தில் 'சூனியக்காரிக் காசு' என்றே ஒரு பெயர் உண்டு. 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியம் வைத்ததாகச் சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்களே, அந்தக் காலத்தில் வெள்ளிக் காசை வளைத்து உடம்போடு வைத்துக்கொண்டால் சூனியம் அண்டாது என்று நம்பினார்கள் என்பார்கள். நம்ம ஊர்த் தாயத்து மாதிரிதான். நாணயச் சாலை ஜான் ஹலின் மருமகன் சாமுவேல் சீவால் அந்த விசாரணையில் நீதிபதிகளில் ஒருவர் என்பது வேறு வேடிக்கை, பிறகு சபையில் எழுந்து நின்று தவற்றை ஒப்புக்கொண்டவரும் அவர்தான். ஆனால் உங்கள் காசு அதற்காக வளைந்தது என்று எந்த மதிப்பீட்டாளரும் எழுதித் தர முடியாது. காதலிக்குக் கொடுக்கவும் வளைப்பார்கள், குழந்தை கழுத்தில் கட்ட ஓட்டை போடுவார்கள், கதவில் மாட்டியும் வளையும். யாராவது சூனியக் கதையைச் சொல்லி விலை ஏற்றினால் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள், நீங்கள் விற்கும்போதும் சொல்லாதீர்கள். அப்புறம் முக்கியமாக, நிமிர்த்த முயலாதீர்கள். முன்னூறு வருடத்து வெள்ளி நொறுங்கும் பதத்தில் இருக்கலாம், படக்கென்று ஒடிந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் காட்டும் சின்ன மின் தராசு இணையத்தில் இருபது டாலருக்குள் கிடைக்கிறது, அதில்தான் நீங்கள் எடை பார்த்திருப்பீர்கள். ஒரு சிறிய கண்ணாடி டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசின் ஓட்டையில் மெல்லிய நூலைக் கோத்து (ஓட்டை இதற்காவது உதவட்டும்) காசு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, அடியையோ சுவரையோ தொடாமல் கையில் பிடித்துத் தொங்க விடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டி விடுங்கள். தராசு ஒரு சின்ன எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். 92.5 வெள்ளி என்றால் பத்தேகாலை ஒட்டி வரவேண்டும். உங்கள் 3.91 கிராம் காசுக்குத் தராசு 0.38 காட்டினால் வயிற்றில் பால். பெரிய பைன் மரத்தை நூலில் கட்டி இதேபோல் இறக்கினால் வெள்ளிக்கு 0.44 அல்லது 0.45 வரவேண்டும். என் கணிப்பு 0.6-க்கு மேல் வரும், அப்படியானால் ஏழு சொச்சம், வெள்ளீயம்தான். தராசில் 0.01 ஆடினாலே விடை கொஞ்சம் நகரும், அதனால் நாலைந்து முறை செய்து பாருங்கள். இந்தச் சோதனை வெள்ளியா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், நுணுக்கமான மாற்றுப் பார்க்க உதவாது. முடிந்ததும் துணியால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

வெள்ளி என்று வந்துவிட்டால் அசல் என்று ஆகிவிடுமா? ஆகாது. 1850களில் நியூயார்க்கில் தாமஸ் வயட் என்பவர் இந்தக் காசுகளை நல்ல வெள்ளியில் அடித்து, பாஸ்டன் பக்கம் கடற்கரையில் ஜாடியில் புதையல் கிடைத்தது என்று கதை கட்டி விற்றார். அந்தப் போலிகளே இன்று பழம்பொருளாகிவிட்டன. அதனால் கடைசித் தீர்ப்பு அச்சில்தான் இருக்கிறது. ஹல் காலத்து அச்சுகளைக் கையால் வெட்டினார்கள், ஒரு அச்சில் மரக்கிளை எங்கே முடிகிறது, எந்த எழுத்துக்கு நேரே வேர் வருகிறது என்பது இன்னொரு அச்சில் அப்படியே வராது. சிட்னி நோ என்ற ஆய்வாளர் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இந்த அச்சு ஜோடிகளைப் படம் பிடித்து எண் கொடுத்தார். அந்த எண்ணைத்தான் ஏலப் பட்டியல்களில் நோ-1, நோ-16 என்று பார்ப்பீர்கள். பெரிய வில்லையில் நோ-1 அதிகம் தட்டுப்படும், சிறிய வில்லையில் நோ-16. அசல் காசு பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு ஜோடியோடு பொருந்தியே ஆகவேண்டும். ஓரம் வெட்டுப்பட்டாலும் நடுவில் மரம் தெளிவாக இருக்கிறது, பொருத்திப் பார்க்க அது போதும். ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கிளை கிளையாக ஒப்பிட்டுப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. இன்னொன்றும் கவனியுங்கள். அச்சு பொருந்துவது நல்லது, ஆனால் அதே இடத்தில் அதே கீறலும் அதே வெட்டும் உள்ள இன்னொரு காசு எங்காவது படத்தில் தென்பட்டால், இரண்டில் ஒன்றாவது மற்றதிலிருந்து எடுத்த நகல்.

தீர்ப்புக்கு பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி, காசுக்குத் தரச்சான்று தரும் இந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு அனுப்புங்கள். அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். உங்கள் காசுக்கு எண் கிடைக்காது, 'அசல், ஆனால் பழுதுள்ளது' என்ற வகையில்தான் வரும், ஓட்டையும் வளைவும் இருக்கிறதே. வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு வேண்டியது 'அசல்' என்ற அந்த ஒரு சொல்தான். மற்ற இரண்டையும் அனுப்பிக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம், இந்தக் கூட்டுக்கும் போலி வருகிறது. எங்கேயாவது கூட்டோடு காசு வாங்கினால் அதன் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்குள்ள படமும் கையிலிருக்கும் காசும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

திருநீறு விஷயம். குத்துவிளக்கும் வெள்ளித் தட்டும் தேய்க்கத் திருநீறு அருமையான பொருள், நானும் அதைத்தான் போடுகிறேன். காசுக்கு மட்டும் விஷம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வெள்ளியின் மேல் காலம் படிய வைத்த தோல். அதைத் தேய்த்து எடுத்தால் லென்ஸில் ஆயிரம் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும், விலையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். புளி, எலுமிச்சை, பற்பசை, பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும், எதுவும் வேண்டாம். நல்லவேளை, நீங்கள் தேய்த்தது நகல்.

இனி விலை. உங்கள் கடிதத்தில் 'என்ன பெறும்' என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. இன்றைக்கே வியாபாரி கையில் என்ன கொடுப்பார் என்பது ஒன்று. அவசரமில்லாமல், விவரம் தெரிந்த இருவருக்கு இடையே என்ன விலைக்குக் கைமாறும் என்பது இன்னொன்று. தொலைந்தால் அதேபோல் ஒன்றை வாங்க என்ன ஆகும் என்பது காப்பீட்டுக்கானது, அது மூன்றிலும் உயரம். மதிப்பீட்டுச் சான்றிதழில் இதில் எது என்று எழுதியிருக்க வேண்டும், எழுதாத சான்றிதழைக் கிழித்துப் போடலாம். அசல் என்று உறுதியானால், ஓட்டையும் வளைவும் வெட்டும் உள்ள சிறிய வில்லை பைன் மர ஷில்லிங் ஏலத்தில் பல நூறு டாலருக்குப் போகும், ஆயிரத்தை ஒட்டிப் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பழுதில்லாமல் நடுத்தரமாக இருந்தால் சில ஆயிரம். இது வெள்ளியின் விலையில்லை என்பதைப் பாருங்கள், நாலு கிராம் வெள்ளிக்கு என்ன வரும்?

அந்த வியாபாரி நேர்மையானவராகவே இருக்கலாம், அவருக்கும் பார்த்தவுடன் உறுதி தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு நகலுக்கு யாரும் 300 டாலர் தர மாட்டார்கள். 'கணக்குக்கு' என்று ஒதுக்கிய ஒன்றுக்குத்தான் அந்த 300 என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்க விரும்புகிறவரிடமே மதிப்புக் கேட்காதீர்கள். மதிப்பீட்டுக்குத் தனியாக, மணிக்கணக்கிலோ காசுக்கு இவ்வளவு என்றோ கட்டணம் கொடுங்கள். காசின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள், எண்ணை உயர்த்தினால் அவருக்கு லாபம் என்றால் அந்த எண்ணை எப்படி நம்புவது? அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் தொழில் விதிகளிலேயே அது தடை. ஏலத்துக்கு அனுப்புவதானால் காலனிக் காசுகளைத் தனிப் பிரிவாக நடத்தும் பெரிய நிறுவனத்துக்கு அனுப்புங்கள், விற்பவரிடம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கேட்டுப் பேரம் பேசுங்கள், பேரம் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. லாபத்துக்கு வரி உண்டு, சேகரிப்புப் பொருளை ஒரு வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் கூட்டரசு வரி 28 சதவீதம் வரை போகலாம்.

விற்கலாமா என்பதற்கு என் சொந்தக் கருத்து, வேண்டாம். வூஸ்டரில் குடியிருந்துகொண்டு, ஒரு மணி நேரத் தூரத்தில் அடித்த 340 வருடத்துக் காசைச் சில நூறு டாலருக்கு விற்று என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் இஷ்டம். முதலீடாக இன்னும் சில வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆசைக்கு வாங்கலாம், மகள் படிப்புக்கு என்று வாங்காதீர்கள். ஆசைக்கு என்றால் மலிவாகப் பத்து வாங்காமல், எழுத்து முழுசாகத் தெரியும் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக அந்தக் காகித உறைகள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் தேடியது அதைத்தான். மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு உறையில் பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, ஏதோ ஒரு எண்ணும் மாதமும் போலிருக்கிறது. பழைய சேகரிப்பாளர்கள் வாங்கிய இடம், நாள், விலை எல்லாவற்றையும் உறையில்தான் குறிப்பார்கள். அது பழைய ஏலம் ஒன்றோடு பொருந்தினால் காசுக்குப் பிறப்புச் சான்று கிடைத்த மாதிரி, விலையும் கூடும். குப்பையில் போட்டிருந்தால் இன்றைக்கே தேடி எடுங்கள். காசை அதே உறைக்குள் திரும்பப் போட வேண்டாம், வளையும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலும் வேண்டாம், அது நாளாக ஆகப் பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டும். நாணயக் கடையில் பிவிசி இல்லாத உறை என்று கேட்டு வாங்கி அதில் வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் காசுகளுக்கு வரம்பு மிகக் குறைவு, அதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உறைகளை இரண்டு பக்கமும், சாய்வான வெளிச்சத்தில், தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்புங்கள். கறுத்த காசின் விளிம்பையும் நாலு பக்கமும் எடுங்கள், தண்ணீர்ச் சோதனையில் வந்த எண்களை அப்படியே எழுதுங்கள். மரத்தின் படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தால் எந்த நோ எண் என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.